ஓட்டை இல்லாத தோல்

என் வேலை ஓட்டை கண்டுபிடிப்பது. திண்டுக்கல்லில் தோல் ஷாப் என்று சொல்கிற ஒரு பதனிடும் ஆலையில், பதனிட்ட ஆட்டுத் தோல்களைத் தரம் பிரிக்கிறேன். ஒவ்வொரு தோலையும் ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால், உரிக்கும்போது கத்தி பட்ட இடம், வேலிமுள் கிழித்த இடம், உண்ணி கடித்த இடம் எல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம் காட்டும். ஓட்டை இல்லாதது முதல் ரகம். நடுமுதுகில் ஒரே ஒரு ஓட்டை இருந்தால் போதும், எவ்வளவு வழுவழுப்பான தோலும் மூன்றாம் ரகத்துக்கு இறங்கிவிடும். இருபத்தெட்டு வருடம் இதையே செய்து செய்து வீட்டிலும் எனக்கு இதே புத்தி வந்துவிட்டது. துவைத்து மடித்த சட்டையை உதறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தில் ஒரு குறை சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன். "பொண்ணு பாக்க வந்தப்ப என்னையும் இப்டித்தேன் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தீங்களா?" என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள்.

என் தங்கையின் விளையாட்டுக் கருவியை நான் கெடுத்த விஷயத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான்தான் கெடுத்தேன் என்று வீட்டில் ஒருவரும் இதுவரை என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு வார்த்தை சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

தங்கை என்னைவிடப் பதினோரு வயது இளையவள். ஷார்ஜாவில் வாழப் போனவள், கல்யாணம் முறிந்து, ஒரு பெட்டியோடு பேகம்பூரில் எங்கள் வீட்டு மாடி அறைக்குத் திரும்பி வந்தாள். அவள் மகளுக்கு அப்போது பத்து வயது. பிள்ளை அங்கேயே நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், பெற்ற அத்தாவோடு இருக்கட்டும், படிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தோம். அந்தக் கூட்டத்தில் முதலில் தலையாட்டியவன் நான். தங்கை என் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் ஆட்டிவிட்டான் என்று அவளும் தலையாட்டினாள். அதைச் சரியென்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இப்போது என்ன நினைக்கிறேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போனில் மகளோடு பேசுவாள். பேசுவாள் என்பது பெயருக்குத்தான். "சாப்டியா?" என்று இவள் கேட்பாள். "ம்." "ஸ்கூல் எப்டிப் போகுது?" "ம்." பக்கத்தில் அத்தா இருக்கிறார், அவர் போன், அவர் காசு, பிள்ளை என்னத்தைப் பேசும்? ஐந்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். போனை வைத்த பிறகு தங்கை அதைத் துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

அவள் மூன்று மணிவரை ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். நாலைந்து மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, யாரோ பயன்படுத்தி விற்ற ஒரு வீடியோ கேம் கருவியை வாங்கி வந்தாள். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விளையாடுவது. எனக்கு வந்ததே கோபம். "முப்பத்தெட்டு வயசுல வெளயாட்டுச் சாமானா? தெருவுல சொன்னா சிரிப்பாக" என்றேன். "தெருவுல சொல்ல வேணாம்ண்ணே" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஒருநாள் விடுப்பில் இருந்தேன், அஸர் தொழுகை முடித்து வந்து, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்கு ஏறினேன். அவள் அறையில் சிரிப்புச் சத்தம். அவள் சிரித்துக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு கடற்கரை. இரண்டு குட்டி உருவங்கள். மஞ்சள் தொப்பி போட்டது ஓடிவந்து, நீலப் பாவாடை கட்டியதன் தலையில் மீன் வலையால் ஒரு போடு போட்டுவிட்டு ஓடியது. நீலப் பாவாடை துரத்தியது.

"யாரு இது?" என்றேன்.

"மஞ்சத் தொப்பி எம் மக, அண்ணே. பாவாடை நானு."

மகளிடமும் அங்கே இதே கருவி இருந்தது. இந்த விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு தீவு. மரம் நடலாம், மீன் பிடிக்கலாம், வீடு கட்டலாம். ஒருவர் தீவுக்கு இன்னொருவர் போகலாம். ஆனால் தீவுக்குச் சொந்தக்காரர் அந்த நேரத்தில் தன் கருவியோடு உட்கார்ந்து வழி திறந்துவிட வேண்டும். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டு முடிக்க இங்கே நாலரை மணி ஆகும். அத்தா வீட்டில் இருக்கிற ஞாயிறு தவிர, நாலரைக்கு இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வார்கள். அரை மணி நேரம்.

"பேசிக்க மாட்டீகளா?"

"பேசச் சொன்னா 'ம்'முன்னுதேன் சொல்வா. இங்க வந்தா என் பின்னாடியே ஓடி வாரா" என்றாள். சொல்லும்போது திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அன்றைக்கு இறங்கி வந்தவன், அதற்குப் பிறகு அந்த அரை மணி நேரத்துக்குக் காவல்காரன் ஆகிவிட்டேன். நாலரைக்கு மாடியில் துணி காயப்போடப் போனாள் என்று தெரிந்தாலே மனைவியைத் திட்டினேன். இண்டர்நெட்டை யார் இழுத்தாலும் திட்டினேன். கேலி பேசிய வாயால்தான் இதெல்லாம் பேசினேன். மனைவி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

ஏப்ரல் வந்தது. எங்கள் ஊர் ஏப்ரலைப் பற்றி என்ன சொல்ல? மலைக்கோட்டைப் பாறை காலையில் குடித்த வெயிலை இராத்திரிவரை கக்கிக்கொண்டிருக்கும். மாடி அறையில் நாலரை மணிக்குச் சுவரில் கை வைக்க முடியாது. கருவியும் கொதித்தது. உள்ளே ஒரு குட்டி மின்விசிறி சுற்றுகிறதாம், அது ஊளையிடத் தொடங்கியது. திரையில் நீலப் பாவாடை திக்கித் திக்கி நடந்தது. ஒருநாள் 'சூடு அதிகம்' என்று ஒரு எச்சரிக்கை வந்து தானே அணைந்துவிட்டது. பிறகு ஆறவிட்டுப் போடுவதற்குள் மகள் டியூஷனுக்குப் போய்விட்டாள்.

"செத்த நேரம் ஃபிரிட்ஜுல வச்சு எடு" என்றாள் என் மனைவி. அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

"ஐயோ மதினி, உள்ள தண்ணி கோத்துக்கும்" என்று தங்கை கருவியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அவள் வீடியோ பார்த்து எல்லாம் படித்துக்கொண்டாள். எனக்குக்கூடச் சொன்னாள். பின்பக்கம் கீழே வரிசையாகச் சின்னச் சின்னக் கீறல் மாதிரி துவாரங்கள். அது வழியாகக் காற்று உள்ளே போகும். மேல் விளிம்பில் இன்னொரு நீளத் துவாரம், அது வழியாகச் சூடு வெளியே வரும். இரண்டில் எது அடைத்தாலும் உள்ளே வெந்துவிடும். சார்ஜ் போட்டுக்கொண்டே விளையாடினால் இரட்டைச் சூடு. மெத்தையில், மடியில் வைக்கவே கூடாது. குளிர்ச்சியாக இருக்கிறது என்று மொசைக் தரையில் படுக்க வைக்கவும் கூடாது, காற்று போகிற வாய் தரையில் ஒட்டிக்கொள்ளும்.

அவள் செய்த ஏற்பாடு இதுதான். சப்பாத்திப் பலகையைத் தரையில் போடுவாள். அதன்மேல் இரண்டு துணிக் கிளிப். கிளிப்புகள்மேல் கருவி சாய்ந்து நிற்கும், அடியில் காற்று போக இரண்டு விரல் இடைவெளி. பொத்தான்கள் இருக்கும் பகுதி தனியாகக் கழன்று வரும், அதைக் கையில் வைத்துக்கொள்வாள். எதிரே மேசை விசிறி. மேற்கு ஜன்னலுக்கு ஒரு பெட்ஷீட். துவாரங்களில் தூசி சேராமல் பழைய டூத் பிரஷ்ஷால் வாரத்துக்கு ஒருமுறை தட்டிவிடுவாள். அதற்குப் பிறகு அந்தக் கருவி ஒருநாளும் மூச்சுத் திணறவில்லை. அந்த ஏற்பாட்டில் இருந்தவரை நன்றாகத்தான் ஓடியது.

என் கண்ணுக்குத்தான் அது உறுத்தியது. சப்பாத்திப் பலகையும் துணிக் கிளிப்பும். ஓரமெல்லாம் கீறல் விழுந்த, யாரோ தூக்கிப் போட்ட சாமான். என் தங்கை தன் பிள்ளையைச் சந்திக்கிற இடம் இப்படியா இருக்க வேண்டும்? திரும்பி வந்த நாளிலிருந்து நான் அவளுக்கென்று எதுவும் கொடுத்ததில்லை. சோறு போட்டேன், இடம் கொடுத்தேன், அதெல்லாம் கடமை. ஆசையாக ஒன்றும் கொடுத்ததில்லை. சரி, என் கையால் ஒரு தோல் உறை தைத்துத் தருவோம் என்று முடிவு பண்ணினேன்.

அந்த வாரம் வந்த சரக்கில் ஒரு தோல் இருந்தது. மரப்பட்டை போட்டுப் பதனிட்ட வெள்ளாட்டுத் தோல், தேன் நிறம். மூன்று முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஊசிமுனை அளவுக்குக்கூட எங்கேயும் வெளிச்சம் வரவில்லை. அப்படி ஒரு தோல் வருடத்துக்கு நாலைந்து வந்தால் அதிகம். முதலாளியிடம் கேட்டு, விலை கொடுத்து எடுத்துக்கொண்டேன். கருவியை அளவெடுக்க ஒருநாள் இரவல் வாங்கினேன். மெழுகு நூல் போட்டு, விளிம்பை மடித்து, ஒன்பது நாள் கைத்தையல். முன்னால் திரைக்கும் பொத்தான்களுக்கும் திறப்பு, கீழே சார்ஜர் வயருக்கு ஒரு வாய். பின்பக்கம் முழுத் தோல், மேல் விளிம்பையும் மூடினேன். கைக்குப் பாந்தமாக, இறுக்கமாக வந்தது.

நோன்புப் பெருநாள் காலையில் கொடுத்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. தடவிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். பிறகு திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

"அண்ணே, இந்த எடத்துல ஓட்டை விடணுமேண்ணே. மேலயும் ஒண்ணு. காத்து போகாதே."

எனக்குச் சுருக்கென்றது. வாழ்நாள் முழுக்க ஓட்டை விழுந்த தோலைத் தூக்கி எறிகிறவன் நான். கிடைத்ததிலேயே நல்ல தோலில், நடுமுதுகில், என் கையாலேயே ஓட்டை போடுவதா? ஆனால் அதை அப்படியே சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. வேறு ஒன்றைச் சொன்னேன்.

"இது என்ன பிளாஸ்டிக்கா? தோலும்மா. தோல் மூச்சு விடும். பிளாஸ்டிக் செருப்புல கால் வேகும், தோல் செருப்புல வேகுதா? நான் இதுலயே கெடக்குறவன், எனக்குத் தெரியாதா?"

தோல் மூச்சு விடும் என்பது பொய்யில்லை. எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் ஒரு காலின் வேர்வை போவதற்கும், விசிறி வைத்து இழுக்கிற காற்று போவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் யோசிக்கவே இல்லை. யோசிக்க விருப்பமில்லை என்பதுதான் சரி. அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் பார்த்த அதே பார்வை. "சரிண்ணே" என்றாள்.

அதற்குப் பிறகு நான் வீட்டிலிருந்த நேரமெல்லாம் கருவி அந்த உறையில்தான் இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை விட்டு வந்து மாடிக்கு ஏறினால், மேசைமேல் தேன் நிறத்தில் அழகாக உட்கார்ந்திருக்கும். எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு வைப்பேன். "சூடாகுதா?" என்று கேட்பேன். "இல்லண்ணே, நல்லாருக்கு" என்பாள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

இதற்கிடையில் மகள் தன் தீவில் ஒரு வீடு கட்டத் தொடங்கியிருந்தாள். இரண்டு வாரமாக அம்மாவை உள்ளே விடவில்லை. கதவுக்கு முன்னால் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்து அடைத்துவிட்டு, வெளியிலேயே மீன் பிடிக்க வைத்தாள். போனில் இவள் கேட்டதற்கு முதல்முறையாக 'ம்' இல்லாமல் பதில் வந்தது. "வெள்ளிக்கெழம காட்றேம்மா. அது சர்ப்ரைஸ். மாமுவையும் பாக்கச் சொல்லுங்க." மாமு என்றால் நான். என்னைக் கேட்டிருக்கிறாள் பிள்ளை. தங்கை அதை என்னிடம் இரண்டு முறை சொன்னாள். நான் வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

நாலே காலுக்கே டீயோடு மாடிக்குப் போய்விட்டேன். தங்கை சப்பாத்திப் பலகையைப் போட்டு, அதன்மேல் கருவியை நிறுத்தி வைத்திருந்தாள். உறை மேசைமேல் தனியாகக் கிடந்தது. நான் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினாள். பிறகு கருவியை எடுத்து உறையில் போட்டாள். பலகையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? விசேஷ நாளில் என் உறையைப் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

காலையிலிருந்து கரண்ட் போய்ப் போய் வந்ததால் பேட்டரி ஏறியிருக்கவில்லை. சார்ஜர் வயரையும் சொருகினாள். நாலரைக்கு மஞ்சள் தொப்பி வந்தது. எங்களைப் பார்த்து இரண்டு முறை குதித்தது. பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து நகர்த்தியது. நீலப் பாவாடை அதன் பின்னால் நடந்தது. கருவிக்குள் விசிறி ஊளையிடத் தொடங்கியது எனக்குக் கேட்டது. உறைக்கு வெளியே கை வைத்துப் பார்த்தேன், தோல் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. நல்ல தோல் அப்படித்தான், உள்ளே இருக்கிற சூட்டை லேசில் வெளியே விடாது. படம் திக்கியது. மஞ்சள் தொப்பி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நின்றது. நீலப் பாவாடை வாசல்படிவரை போனது. திரையில் எச்சரிக்கை வந்தது, கறுத்துவிட்டது.

தங்கை உறையைக் கழற்றப் பார்த்தாள். உறை ஏற்கெனவே இறுக்கம், இப்போது உள்ளே ஏதோ உப்பிப் பிடித்துக்கொண்டது போல வரவில்லை. நானும் பிடித்து இழுத்தேன். கடைசியில் தையல் ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தோம். கருவியைத் தொட முடியவில்லை. மேசை விசிறிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்தது, துஆ ஓதினாளோ என்னவோ. பத்து நிமிடம் கழித்துப் போட்டாள். வெளிச்சம் வந்தது, போனது. அப்புறம் வரவேயில்லை. முதுகுப்பக்கம் லேசாக உப்பியிருந்தது.

பிள்ளையிடம் தனிப் போன் கிடையாது. அத்தாவின் போன் அவரோடு ஆபீஸில். தங்கை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், இங்கே மஃக்ரிப் தொழுகையும் முடிந்து இருட்டிய பிறகு, அவர் வீட்டுக்குப் போய்த்தான் எடுத்தார். "மெஷின் கெட்டுப்போச்சும்மா, அதேன் அம்மா பாதியில..." என்று இவள் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் பதில் வந்துவிட்டது. "சரிம்மா. பரவால்ல." அதற்கு மேல் 'ம்'தான்.

அடுத்த நாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனோம். கடையை நடத்தியது முப்பது வயதுப் பெண். நெற்றியில் பூதக்கண்ணாடி கட்டிக்கொண்டு கருவியைப் பிரித்தாள். உள்ளே சீப்பு மாதிரி தகடுகள், ஒரு ரூபாய் அளவுக்கு விசிறி, இரண்டுக்கும் நடுவே தட்டையாக ஒரு செம்புக் குழாய். அந்தக் குழாய்க்குள் துளி நீர் இருக்கிறது, மூளைப் பக்கம் சூடாகி ஆவியாகி ஓடும், தகட்டுப் பக்கம் ஆறி மறுபடி நீராகித் திரும்பும், விசிறி அந்தச் சூட்டை ஊதி வெளியே தள்ளும் என்று சொன்னாள். "எல்லாம் காத்து இருந்தாத்தேன். பேட்டரி உப்பி போர்டயே நெட்டித் தள்ளிருச்சு பாருங்க" என்றாள். பிறகு என் கையில் இருந்த தோல் உறையைப் பார்த்தாள். தையல் பிரிந்து தொங்கியது. அதை ஏன் கொண்டுபோனேன் என்று எனக்கே தெரியவில்லை.

"எப்பவும் இதுக்குள்ள போட்டுத்தேன் வெளாடுவீங்களாக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "இல்லம்மா, அது வெளிய தூக்கிட்டுப் போறதுக்கு. நாந்தேன் மெத்தை மேல வச்சு வெளாண்டுட்டேன்."

ஒருநாள்கூட அவள் மெத்தைமேல் வைத்ததில்லை. யாரோ ஒரு கடைக்காரி முன்னால் அண்ணன் தலைகுனியக் கூடாது என்று அந்தப் பழியைத் தானே எடுத்துக்கொண்டாள். நான் உறையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அங்கேயே, "இல்ல, நாந்தேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வார்த்தை. வரவில்லை.

மாற்ற வேண்டிய சாமான் சென்னையிலிருந்து வரவேண்டும் என்றார்கள். வந்தது சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஆடி பிறந்த பிறகுதான் கருவி உயிரோடு கைக்கு வந்தது. அதற்குள் அங்கே பரீட்சை முடிந்து, விடுமுறை வந்து, பிள்ளைக்குப் புதுச் சிநேகிதிகள், வேறு ஏதோ விளையாட்டு. தங்கை முதல் நாள் நாலரைக்குப் பலகை போட்டு உட்கார்ந்தாள். அவள் தீவில் களை மண்டியிருந்தது. மகளின் தீவுக்கு வழி மூடியிருந்தது. ஐந்து மணிவரை களை பிடுங்கினாள். அடுத்த நாளும். போனில் கேட்டதற்கு, "அது இப்ப விளாட்றதில்லம்மா" என்று மகள் சொன்னாள். தங்கை அதற்குப் பிறகும் பல வாரம் நாலரைக்கு உட்கார்ந்துகொண்டுதான் இருந்தாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் மனைவியிடம் புலம்பினேன். "ரெண்டு வாரம் நல்லாத்தான ஓடுச்சு அந்த உறையில? அன்னைக்குன்னு பாத்து..."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள். "உறையில எங்க ஓடுச்சு? நீங்க வேலைக்குப் போனதும் கழட்டி வச்சிருவா. பலகையும் கிளிப்பும்தேன். ஆறு மணிக்கு ஒங்க வண்டிச் சத்தம் கேட்டா எடுத்து மாட்டிருவா. அன்னைக்கு நீங்க வீட்ல இருந்தீங்க."

என் மனம் நோகக் கூடாது என்று தினமும் மாட்டி, தினமும் கழற்றியிருக்கிறாள். தினமும் நான் வந்து தடவிப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். கெட்டிக்காரி, தன் காரியத்தைத் தானே நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அன்போடு பக்கத்தில் உட்கார்ந்த ஒரு நாளில் எல்லாம் போயிற்று. அழுகை வந்தது. அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது?

அந்த வாரமே உறையை ஷாப்புக்கு எடுத்துப்போய், பிரிந்த தையலைச் சரிசெய்தேன். வட்ட உளியைப் பின்பக்கம் நடுவில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். ஒரே அடியில் ஓட்டை விழுந்தது. மேல் விளிம்பையும் நீளமாக வெட்டிவிட்டேன். அதற்கு மொத்தம் பத்து நிமிடம்தான் ஆயிற்று. தங்கையிடம் கொடுத்து, "மன்னிச்சுக்கம்மா" என்றேன். "விடுங்கண்ணே, பழைய சாமான், என்னைக்கிருந்தாலும் போறதுதேன்" என்றாள்.

மறுவருடம் பள்ளி விடுமுறையில் பிள்ளை பத்து நாளைக்கு வந்தாள். பன்னிரண்டு வயது, அம்மாவின் தோள் உயரம். அம்மாவோடு பேசினாள், ஆனால் விருந்துக்கு வந்த வீட்டில் பேசுகிற மாதிரி மரியாதையாகப் பேசினாள். தங்கை விழுந்து விழுந்து சமைத்தாள். நான் ஆயக்குடிக் கொய்யா வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனபோது, பிள்ளை மேசைமேல் இருந்த உறையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமு, இந்த ஓட்டை காத்து போறதுக்கா?"

"ஆமாம்மா."

"கரெக்ட். இல்லாட்டி சூடாகி ஆஃப் ஆயிரும்."

கொய்யாவை நறுக்கிக் கொடுத்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டேன். "நீ ஒரு வீடு கட்டுனியே, அதுக்குள்ள என்னம்மா வச்சிருந்த?"

"எந்த வீடு?" என்றாள். அவளுக்கு நினைவு வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஓ, அதா. அம்மாக்கு ஒரு ரூம் மாமு. கட்டில், பூந்தொட்டி. ரெண்டு ஃபேன் வச்சேன், அம்மா எப்பவும் சூடா இருக்குன்னு சொல்வாங்கல்ல."

"இப்ப இருக்கா?"

"இல்ல, எடுத்துட்டேன். அம்மா வாசல் வரைக்கும் வந்துட்டுப் போயிட்டாங்க."

"மெஷின் கெட்டுப்போச்சுன்னு அம்மா போன்ல சொன்னாளேம்மா."

"சொன்னாங்க." ஒரு துண்டு கொய்யாவை உப்பில் தொட்டாள். "வர முடியலேன்னா எல்லாரும் ஏதாவது சொல்வாங்கதானே மாமு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். ஒரு வருடமாக அந்தப் பிள்ளை தன் அம்மாவைப் பற்றி இதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கீழே தங்கை எங்களுக்காக ஏதோ பொரிக்கிற சத்தம் கேட்டது. ரிப்பேர் கடையில் சொல்லாமல் விட்டதை இங்கேயும் விட்டால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"அம்மா பொய் சொல்லலம்மா. நிஜமாவே கெட்டுப்போச்சு. நான் தச்ச இந்த உறையாலதேன் கெட்டுச்சு. அப்ப இதுல ஓட்டை இல்ல."

பிள்ளை உறையைத் திருப்பிப் பார்த்தாள். விரலை ஓட்டையில் விட்டு எடுத்தாள்.

"அம்மா ஓட்டை போடச் சொல்லலையா?"

"சொன்னா."

"அப்பறம் ஏன் மாமு போடல?"

எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தேன். தோல் மூச்சு விடும் என்றேனே, அதைக்கூட இன்னொரு முறை சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அம்மாவின் அதே கண்.

"நல்ல தோலும்மா" என்றேன். "ஓட்டை போட மனசு வரல."